பட்டு ஜாக்கெட்டில் கை சுருங்குகிறது: காஸ்ட்யூம் டிசைன் படித்தவர்களும் தையல்காரர்களும் வழி சொல்லுங்கள்

அம்மாப்பேட்டை_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் காஸ்ட்யூம் டிசைன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எனக்கு இரண்டு கேள்விகள். ஒன்று சின்னது, இன்னொன்று பெரியது.

சின்னதை முதலில் சொல்கிறேன். சித்தி மகளுக்குக் கல்யாணம். சித்தியின் பட்டுச் சேலைக்கு ஜாக்கெட்டை நானே தைத்துத் தருகிறேன் என்று ஆசையாக வாங்கிக்கொண்டேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி அளவெடுத்து, பிரவுன் ஷீட்டில் முன்பாகம், பின்பாகம், கை மூன்றையும் வரைந்தேன். முதலில் காடாத் துணியில் ஒன்று தைத்துச் சித்திக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு அழகாக உட்கார்ந்தது. அதே காகிதத்தை வைத்துத்தான் பட்டையும் வெட்டினேன். ஆனால் கை வைத்ததும் தோள் உச்சியில் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகச் சுருக்கம். பிரித்துத் தைத்தேன், மறுபடியும் சுருக்கம். இன்னொரு முறை பிரித்தபோது பட்டில் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

அம்மா 22 வருடமாக வீட்டுத் திண்ணையில் தைக்கிறார். காகிதம் என்ற பேச்சே கிடையாது. அளவு ஜாக்கெட்டை மடித்துத் துணி மேல் வைத்துச் சாக்கில் கோடு போடுவார், கத்தரியை எடுப்பார், அவ்வளவுதான். நான் தைத்ததைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு கை எதுக்குடி விட்ட?” என்று மட்டும் கேட்டார். எவ்வளவு விட்டிருக்க வேண்டும் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. “கைக்குத் தெரியும்” என்கிறார்.

பெரிய கேள்வி அப்பாவுடையது. அவர் தறி ஓட்டுகிறார். “உங்கம்மா கையில இருக்கிறதை மூணு வருஷம் பணம் கட்டித்தான் படிக்கணுமா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஏற்காடு_டெய்லர்

தங்கச்சி, பிரிப்பதை நிறுத்தினாயே, அது நல்ல காரியம். பட்டு ஒருமுறை வாங்கிய ஊசிக்குத்தை மறக்காது.

நான் ஏற்காட்டில் 31 வருடமாகத் தைக்கிறேன். மலையில் விடுதிப் பள்ளிகள் இருப்பதால் எங்களுக்கு வேலை பெரும்பாலும் யூனிஃபார்ம்தான். குளிர் ஊர் என்பதால் கோட்டும் தைக்க வேண்டும். கோட்டுக் கையின் உச்சி வளைவு, அது போய் உட்காருகிற கைக்குழியைவிட ஒன்றரை இன்ச் வரை கூடுதலாக இருக்கும். கம்பளி கலந்த துணிக்கு அது பிரச்சினையே இல்லை. ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தால் அந்தக் கூடுதல் முழுக்க ஆவியில் அடங்கி, தோள் உருண்டையாக நிற்கும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் இதைச் செய்துகாட்டியபோது ஏதோ வித்தை மாதிரி இருந்தது.

பட்டு அப்படி அடங்காது. இழை வழுவழுப்பு, நெசவு நெருக்கம். உன் காடா இளக்கமான துணி, கூடுதலை வாங்கிக்கொண்டது. பட்டு வாங்க மறுக்கிறது. அதுதான் உன் சுருக்கம்.

இன்ச் டேப்பைப் படுக்கப் போடாமல் விளிம்பில் நிமிர்த்தி, வளைவின் மேலேயே ஓட்டிக் கைக்குழிச் சுற்றையும் கையின் உச்சி வளைவையும் அளந்து பார். வெட்டிய ஓரத்தில் அளக்காதே, தையல் விழும் கோட்டில் அள. இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இங்கே எழுது.

தைக்கும்போது எந்தத் துண்டு அடியில் இருந்தது? நீளம் கூடுதலாக உள்ள துண்டுதான் எப்போதும் அடியில், துணியை நகர்த்துகிற மெஷின் பல் பக்கம் இருக்க வேண்டும். பல் அடித்துணியைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே தள்ளும். மேல்துணியைப் பிரஷர் ஃபுட் அழுத்திப் பின்னுக்குப் பிடிக்கும். அதனால் கை கீழே, உடல் மேலே. மெல்லிய 11-ஆம் நம்பர் ஊசி போடு, புதிதாகப் போடு. பழைய 16 ஊசியால் பட்டைத் தொடவே கூடாது.

அம்மாப்பேட்டை_மாணவி

அண்ணா, அளந்துவிட்டேன். கைக்குழி 15½ இன்ச். கை வளைவு 16¾. வித்தியாசம் ஒன்றேகால் இன்ச். நான் கையை மேலே வைத்துத்தான் தைத்தேன். சுருக்கம் கண்ணுக்குத் தெரிந்தால் சரிசெய்துகொண்டே போகலாம் என்று நினைத்தேன். ஊசி 14.

ஆனால் ஒன்றேகால் என்பது என் தப்பு இல்லையே? வகுப்பில் கொடுத்த கணக்குப்படி வரைந்தால் அதுதான் வருகிறது.

கார்மென்ட்_டீச்சர்

கணக்கு தப்பில்லை அம்மா. அது எந்தத் துணிக்கான கணக்கு என்பதை யாரோ உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். 20 வருடத்துக்கு மேல் சேலத்தில் இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் வகுப்பிலும் இப்படிச் சொல்லாமல் விட்டவை இருந்திருக்கும். புத்தகத்தில் கைக்கு ஒன்று முதல் ஒன்றரை இன்ச் தளர்வு (கைக்குழியைவிடக் கூடுதல்) என்று போட்டிருப்பது நடுத்தரமான பருத்தித் துணியை மனதில் வைத்து. பட்டுக்கு அரை இன்ச் போதும். உன் அம்மாவின் “இவ்வளவு கை எதுக்கு” என்ற கேள்விக்கு விடை அந்த முக்கால் இன்ச்தான்.

பாடத்திட்டம் ஏன் அந்த வரிசையில் போகிறது என்பதையும் சொல்கிறேன், அப்பாவுக்குச் சொல்ல உதவும். முதலில் துண்டுத் துணிகளில் ஓட்டுத்தையல், ஹெம்மிங், டக், பிளீட், ஃபிரில், பட்டி, காஜா. அடுத்து குழந்தை உடை. ஜப்லாவை முதலில் கொடுப்பதற்குக் காரணம், அதில் கையைத் தனியாக வெட்டி வைக்க வேண்டியதில்லை, உடம்போடு சேர்த்தே வெட்டிவிடலாம். மாணவி துணியின் நீளநூலைப் பார்க்கவும் வளைவைத் தைக்கவும் பழகினால் போதும். ஃபிராக் வரும்போது கையும் காலரும் வருகின்றன. அப்புறம் சுடிதார், ஜாக்கெட், கடைசியில் ஆண்கள் சட்டை. சட்டைக் காலரின் இரண்டு முனையும் ஒன்றுபோல வந்துவிட்டால் அந்தப் பெண்ணை எந்த யூனிட்டுக்கும் தைரியமாக அனுப்பலாம்.

இதற்கு நடுவில் துணிப் பாடம், சாயப் பாடம், பேட்டர்ன் (வெட்டுவதற்கான காகித மாதிரி) பாடம். பேட்டர்னில் டாட்டை (துணியைக் கூம்பாக மடித்துப் பிடிக்கும் தையல்) இடம் மாற்றுவதைக் கற்றுத்தருகிறோமே, அதுதான் இந்தப் படிப்பின் உயிர் என்பேன். மார்பின் மேடுக்கு இடம் கொடுக்கத் துணியைப் பிடிக்கிறோம். அந்தப் பிடிப்பு பக்கவாட்டில் இருக்கலாம், தோளில் இருக்கலாம், இடுப்பில் இருக்கலாம், இரண்டைச் சேர்த்து பிரின்சஸ் கட் ஆக்கலாம். முனை மட்டும் மார்பின் உச்சியை நோக்க வேண்டும். ஒரு பெண் இதைக் காகிதத்தில் வெட்டி, ஒரு டாட்டை மூடும்போது இன்னொரு இடம் தானாகத் திறப்பதைத் தன் கண்ணால் பார்க்கும் நாளில், அவள் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இளம்பிள்ளை_தறி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் தையல்காரன் இல்லை, இளம்பிள்ளையில் சேலை நெய்கிறவன். எனக்கு ஒரு சந்தேகம். கண்ணு, உன் சித்தி ஜாக்கெட்டில் கை நுனிக்குக் கரை வைத்தாயா?

அம்மாப்பேட்டை_மாணவி

ஆமாம் ஐயா. இரண்டு கையிலும் கரை வருகிற மாதிரிதான் வெட்டினேன். எல்லோரும் அப்படித்தானே தைக்கிறார்கள்.

இளம்பிள்ளை_தறி

அங்கேதான் இருக்கிறது விஷயம் என்று நினைக்கிறேன். சேலையின் கரை எந்தத் திசையில் ஓடுகிறது? பாவு ஓடும் திசையில். ஐந்தரை மீட்டர் சேலையை நெய்து முடித்து, அதே பாவில் தொடர்ந்து ஜாக்கெட் பிட்டையும் நெய்து அறுக்கிறோம். ஆக, கரையைக் கை நுனியில் வைத்தால் பாவு நூல் கையைச் சுற்றி வளையல் மாதிரி ஓடும். கையின் நீளவாட்டில் ஓடுவது ஊடு நூல், அதாவது பாவுக்குக் குறுக்கே போகிற நூல்.

பாவு என்பது தறியில் இழுத்துக் கட்டி நிற்கிற நூல். அந்த இழுப்பைத் தாங்க முறுக்கும் பலமும் கொடுத்துத்தான் அதை ஓட்டுகிறோம். துணியைக் கையில் பிடித்துப் பாவு வாக்கில் இழுத்துப்பார், அசையாது. ஊடு வாக்கில் இழுத்தால் கொஞ்சம் இடம் கொடுக்கும். குறுக்காக, மூலைவாட்டில் இழுத்தால் நன்றாகவே நீளும். இப்போது யோசி. உன் கையின் தோள் உச்சியில் தையல் கோடு எந்த வாக்கில் போகிறது? கரைக்கு இணையாக, பாவு வாக்கில். கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத நூலிடம் போய் ஒன்றேகால் இன்ச் அடங்கு என்றால் எப்படி அடங்கும்?

உன் காடாத் துணியை எப்படி வெட்டினாய்?

அம்மாப்பேட்டை_மாணவி

புத்தகத்தில் இருக்கிறபடி. நீளநூல், அதாவது நீங்கள் சொல்கிற பாவு, கையின் நீளத்தோடு. ஐயா, இப்போதுதான் புரிகிறது. காடாவில் பார்த்தது ஒரு வாக்கு, பட்டில் வெட்டியது வேறு வாக்கு. காகிதத்தில் நானே நீளநூல் அம்புக்குறி போட்டிருக்கிறேன். கரைக்காகக் காகிதத்தைத் திருப்பி வைத்தபோது அந்த அம்பைக் கவனிக்கவே இல்லை.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். “பாவு எப்படி அடங்கும்?” என்று அவரும் உடனே சொன்னார். இத்தனை நாள் அவரிடம் நான் கேட்டதே இல்லை.

கார்மென்ட்_டீச்சர்

இளம்பிள்ளை ஐயாவுக்குக் கும்பிடு. இதை நான் ஒரு வகுப்பிலும் இப்படிச் சேர்த்துச் சொன்னதில்லை. துணிப் பாடத்தில் பாவு, ஊடு நடத்துவோம். பேட்டர்ன் பாடத்தில் நீளநூல் அம்புக்குறி போடச் சொல்வோம். இங்கே பாதி ஜாக்கெட்டுகள் கரை வைத்துத்தான் தைக்கப்படுகின்றன, அப்போது கை திரும்பிவிடுகிறது என்பதைத் தனிப் பாடமாக வைத்திருக்க வேண்டும். பல புத்தகங்கள் வெளிநாட்டு உடையை வைத்து எழுதியவை. அவற்றில் கரையும் இல்லை, முந்தானையும் இல்லை.

சூரமங்கலம்_செகண்ட்_இயர்

நானும் இதே படிப்புதான், வேறு கல்லூரி. இதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ரெக்கார்டுக்கான மாதிரிகளை வெளியில் ஒரு டெய்லரிடம் கொடுத்துத் தைத்து ஒட்டுகிறார்கள். நானும் முதல் வருடம் இரண்டு காலரைக் கொடுத்துத் தைத்தேன். மார்க்கும் வந்தது. இப்போது சட்டை தைக்க வேண்டும், காலர் வரவே இல்லை. நேற்று ராத்திரி முழுக்கத் தைத்துத் தைத்துப் பிரித்தேன்.

கார்மென்ட்_டீச்சர்

மார்க் போடும்போது எங்களுக்கும் தெரியும் அம்மா. முதல் பக்கத்தில் தையல் அலைபாயும், நாலாவது பக்கத்தில் 20 வருட அனுபவம் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்ட நாட்கள் எனக்கு உண்டு, அது இன்னமும் உறுத்துகிறது. நீ தைத்தது கோணலாக இருந்தாலும் அதையே ஒட்டு. காலருக்கு ஒரு வழி: மேல் காலரை அடிக் காலரைவிட ஒரு நூல் (அரைக்கால் இன்ச்) அளவு பெரிதாக வெட்டு. மடித்துத் திருப்பும்போது மேல்துணிக்கு அந்த இடம் வேண்டும், இல்லாவிட்டால் முனை மேல்நோக்கிச் சுருளும். முனையில் ஊசியைத் துணியில் இறக்கி நிறுத்திவிட்டு, ஃபுட்டைத் தூக்கித் திருப்பி, குறுக்காக ஒரே ஒரு தையல் போட்டு, மறுபடி திருப்பு. அப்புறம் முனையில் உள்ள உபரித் துணியை நறுக்கிவிட்டு உள்வெளி மாற்று.

ஐந்து_ரோடு_பொட்டிக்

கடை வைத்திருப்பவள் என்ற முறையில் நானும் சொல்கிறேன். இந்தப் படிப்பு முடித்த இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தேன். வரைந்து வைத்திருந்த படங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒரு பெண்ணுக்குத் துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்கத் தெரியவில்லை. இன்னொருத்தி மறைவு ஜிப்பை மூன்று முறை தலைகீழாக வைத்தாள். மாஸ்டர் ஒரு நாளில் வெட்டுகிற ஜாக்கெட்டை இவர்கள் ஒரு வாரத்தில் வெட்டினால் கடை எப்படி ஓடும்? திறமை இல்லாத பெண்கள் இல்லை, மெஷினில் உட்கார்ந்த நேரம்தான் போதவில்லை. முதல் வருடத்திலிருந்தே சனிக்கிழமை ஏதாவது ஒரு தையல் கடையில் உட்காருங்கள். காஜா எடுங்கள், கொக்கி வையுங்கள், வாடிக்கையாளர் குறை சொல்லும்போது பக்கத்தில் நின்று கேளுங்கள்.

திருப்பூர்_சேலத்தான்

அக்கா சொல்வதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன், கூடவே இன்னொரு பக்கமும் இருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் தாரமங்கலம். படித்தது இதே படிப்பு. இப்போது திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை வாங்கி முடித்துக் கொடுக்கிறவராக, இருக்கிறேன்.

அந்த மாஸ்டர் ஒரு உடம்பைப் பார்த்து ஒரு ஜாக்கெட்டை வெட்டுகிறார். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எங்களுக்கு வருகிற ஆர்டரில் உடம்பே இருக்காது. ஒரு ஸ்பெக் ஷீட் வரும், ஐந்து சைஸ் இருக்கும். ஒவ்வொரு சைஸுக்கும் மார்பு எவ்வளவு, நீளம் எவ்வளவு, எத்தனை சென்டிமீட்டர் கூடலாம் குறையலாம் என்று போட்டிருக்கும். ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் மார்பில் இரண்டு இன்ச் கூடினால் தோளும் அதே விகிதத்தில் கூடாது, கால் இன்ச்சோ அரை இன்ச்சோதான். கழுத்து அதைவிடக் குறைவு. பேட்டர்னை ஜெராக்ஸ் மெஷினில் பெரிதாக்குவது போலப் பெரிதாக்கினால் எக்ஸ்எல் சைஸில் கழுத்து தோளைவிட்டு நழுவும். எந்தப் புள்ளி எவ்வளவு நகர வேண்டும் என்கிற கணக்கைக் கல்லூரியில்தான் கற்றேன்.

அப்புறம் துணி. நாங்கள் வேலை செய்வது பனியன் துணியில். ஜி.எஸ்.எம். கட்டரை வைத்து வட்டமாக ஒரு துண்டு வெட்டுவோம், அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். கிராமில் வரும் எடையை 100-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை. 1.6 கிராம் காட்டினால் 160 ஜி.எஸ்.எம். பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்ததும் வெட்டினால் துவைத்த பிறகு உடை சுருங்கும். அதனால் பிரித்துப் பரப்பி ஒரு நாள் ஆறப் போட வேண்டும். சில டி-ஷர்ட்டில் பக்கத் தையல் துவைத்த பிறகு வயிற்றுக்கு நடுவில் வந்து நிற்குமே, பார்த்திருப்பீர்கள். நூலின் முறுக்கு தளர்ந்து துணியைத் திருப்புவதால் வருவது அது. தையல்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒரு கன்டெய்னர் சரக்கு அதற்காகத் திரும்பி வந்தால், நூல் காரணமா, பின்னல் காரணமா, சாயப்பட்டறை காரணமா என்று பேசத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளாகத்தான் எனக்குச் சம்பளம்.

குகை_அப்பா

என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். எங்கே சேர்ப்பது என்று குழப்பம். சேலத்தில் கைத்தறி தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறதே, அதில் சேர்த்தால் இந்தத் தையல் எல்லாம் வருமா?

திருப்பூர்_சேலத்தான்

வராது அண்ணா, அது வேறு பாதை. இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960-இல் தொடங்கியது. நூல், தறி, நெசவு, சாயம்தான் அங்கே பாடம். துணி எப்படி உருவாகிறது என்பதில் ஆர்வம் இருந்தால் அதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. துணியை உடையாக்குவதில் ஆசை என்றால் காஸ்ட்யூம் டிசைன் பி.எஸ்ஸி. நடத்தும் கலை அறிவியல் கல்லூரிகளைப் பாருங்கள். நம் பக்கத்தில் அவை பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றால் ஐ.டி.ஐ.யில் தையல் தொழில்நுட்பம் ஒரு வருடப் படிப்பு. நிஃப்ட் (மத்திய அரசின் ஃபேஷன் கல்லூரி) என்றால் நுழைவுத் தேர்வு, செலவும் அதிகம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது விளம்பரத் தாளைப் பார்க்காதீர்கள். தையல் கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பிள்ளைகள், பவர் மெஷின் எத்தனை, ஓவர்லாக் ஓடுகிறதா, வெட்டும் மேசையில் தூசி இருக்கிறதா, துணித் துணுக்கு இருக்கிறதா. துணுக்கு கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது.

ஆத்தூர்_இன்ஸ்கர்ட்_யூனிட்

குகை அண்ணாவுக்கு என் கதையைச் சொல்கிறேன். நானும் பி.எஸ்ஸி. காஸ்ட்யூம் டிசைன். கல்யாணமாகி ஆத்தூர் வந்த பிறகு எட்டு மெஷின் போட்டு உள்பாவாடையும் நைட்டியும் தைக்கிறோம். ஈரோடு ஜவுளிச் சந்தைக்குத் திங்கள் இரவே சரக்கை ஏற்றிவிடுவோம்.

உள்பாவாடைக்கு டிசைன் படிப்பு எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். ஆறு பீஸ் பாவாடையின் ஒவ்வொரு பீஸும் மேலே குறுகி, கீழே அகன்று இருக்கும். எங்கள் கட்டிங் மாஸ்டர் எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்து வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பீஸுக்கு நடுவே முக்கோணமாகத் துணி வீணானது. பாப்ளினுக்கு மேல் கீழ் என்ற பேதம் கிடையாது, ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் வைத்தால் இரண்டும் பல்லுக்குப் பல் பொருந்தும். நான் தாளில் வரைந்து காட்டினேன். பாவாடைக்கு 10 சென்டிமீட்டர் மிச்சமானது. 100 பாவாடைக்கு 10 மீட்டர். மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தத் தாளை மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவைத்தார், இன்னும் இருக்கிறது.

பூப்போட்ட நைட்டித் துணியில் இதைச் செய்ய முடியாது. பூ தலைகீழாகிவிடும்.

ஏற்காடு_டெய்லர்

அம்மாப்பேட்டைத் தங்கச்சி, ஜாக்கெட் என்ன ஆனது? கல்யாணம் நெருங்கிவிட்டதே.

அம்மாப்பேட்டை_மாணவி

ஞாயிற்றுக்கிழமை முடித்தேன் அண்ணா. விவரமாக எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

புதுத் துணி வாங்க வழியில்லை, இருந்த கையையே திருத்தினேன். உச்சியில் தையல் கோட்டை முக்கால் விரல் அளவு கீழே இறக்கி, இரண்டு பக்கமும் சரிவாகக் கொண்டுபோய்ப் பழைய கோட்டோடு சேர்த்தேன். வளைவு 16¼ ஆனது. கைக்குழியை அக்குளில் மட்டும் ஒரு நூல் இறக்கினேன், 15¾ ஆனது. ஆக, தளர்வு சரியாக அரை இன்ச். கோடு கீழே இறங்கியதால் கையில் இருந்த பழைய ஊசி ஓட்டைகள் எல்லாம் தையல் விடுப்புக்குள் போய்விட்டன. உடல் பக்கத்து ஓட்டைகள் மேல் அதே கோட்டில் தைத்தேன். 11 ஊசி, கைத்துண்டு அடியில். தைப்பதற்கு முன்னால் உச்சியில் கையால் ஓட்டுத்தையல் இரண்டு வரி போட்டு, நூலை லேசாக இழுத்து அரை இன்ச்சையும் பரவலாக்கிக்கொண்டேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, “இழுக்காதே, அதுவா போகட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சுருக்கம் இல்லை. சித்தி கையைத் தூக்கி, தலைமுடியைக் கோதிப் பார்த்துவிட்டு, “எங்கயும் இறுக்கிப் பிடிக்கலையே” என்றார். எங்கள் வீட்டில் ஜாக்கெட் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுதான் வார்த்தை.

அப்பா இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வேறொன்று நடந்தது. அம்மாவிடம் பல வருடமாகத் தைக்கிற ஒரு பாட்டி இருக்கிறார். முன்பு விழுந்ததில் வலது தோள் இறங்கிவிட்டது. அவர் கொண்டுவருகிற அளவு ஜாக்கெட் விழுவதற்கு முன்னால் தைத்தது. அதைப் பார்த்து வெட்டினால் ஒவ்வொரு முறையும் வலது பக்கம் கழுத்து நழுவும். அம்மா எப்படியோ ஒட்டுப்போட்டுச் சமாளித்து வந்தார். நேற்று அந்தப் பாட்டி வந்தபோது அம்மா அளவு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இவ அளவெடுப்பா, நில்லுங்க” என்றார்.

இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளந்தேன். மடித்து வெட்டாமல் முன்பாகம் முழுவதையும் விரித்து வரையப் போகிறேன். வலது தோள் முக்கால் இன்ச் இறங்கியிருக்கிறது. அண்ணா, டீச்சர், தோள் கோட்டை மட்டும் அந்த முக்கால் இன்ச் இறக்கினால் போதுமா?

ஏற்காடு_டெய்லர்

போதாது. தோளை மட்டும் இறக்கினால் அந்தப் பக்கக் கைக்குழி முக்கால் இன்ச் சின்னதாகி, அக்குளில் வெட்டும். அக்குள் புள்ளியையும் அதே முக்கால் இன்ச் இறக்கு. கைக்குழி முழுசாகக் கீழே நகர்ந்த மாதிரி இருக்க வேண்டும், சுற்று மாறக் கூடாது. பின்பாகத்துக்கும் அதேபோலச் செய். வலது, இடது என்று காகிதத்தில் பெரிதாக எழுதிவிடு, வெட்டும்போது துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கட்டும், புரண்டால் தோள் மாறிவிடும். முதலில் காடாவில் தைத்து, பாட்டியை உட்கார வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பார்.